பெங்களூரில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது எப்படி?

பெங்களூரு மருத்துவமனை ஒன்றில் குழந்தை பிறந்தால், அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியது மருத்துவமனைதான். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969 அந்தக் கடமையை அங்குள்ள பொறுப்பு மருத்துவருக்குக் கொடுத்திருக்கிறது. எனவே பச்சிளம் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு மாநகராட்சி அலுவலகத்துக்கு ஓட வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் மருத்துவமனை என்ன எழுதி அனுப்புகிறதோ அதுதான் பதிவேட்டில் ஏறும். ஏறிய பிறகு ஓர் எழுத்தைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே இந்த வேலையில் உங்கள் கவனம் முழுவதும் இருக்க வேண்டிய இடம் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவு.

முன்பெல்லாம் பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் பள்ளி மாற்றுச் சான்றிதழைக் காட்டிச் சமாளித்தோம். இனி அது நடக்காது. 2023இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே. பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

முதலில், பிரசவம் எந்த ஊரில்?

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். கணவர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பார், குழந்தை சேலத்திலோ வேலூரிலோ பிறக்கும். எல்லையோரம் குடியிருப்பவர்கள் ஓசூர் மருத்துவமனைக்குப் போவதும் உண்டு. சட்டம் பார்ப்பது பெற்றோர் எங்கே வசிக்கிறார்கள் என்பதை அல்ல, குழந்தை எங்கே பிறந்தது என்பதை. ஓசூரில் பிறந்தால் தமிழ்நாட்டுப் பதிவு. அத்திபெலே எல்லை தாண்டி இந்தப் பக்கம் எந்த மருத்துவமனையில் பிறந்தாலும் கர்நாடகப் பதிவு. "சொந்த ஊரிலும் ஒரு பதிவு போட்டு வைப்போம்" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஒரு பிறப்புக்கு இரண்டு பதிவு என்பது பின்னாளில் பாஸ்போர்ட் விசாரணையில் வந்து நிற்கும்.

ஊருக்குப் போய்ப் பிள்ளை பெறுவதாக முடிவு செய்தால், தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் இல்லாமல் பிறப்புப் பதிவு நகராது என்பதை நினைவில் வையுங்கள். கர்ப்ப காலத்திலேயே தாய்வீட்டுப் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, நகரமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிந்து எண்ணை வாங்கிவிடுங்கள். பெங்களூரில் ஏற்கெனவே தாயி கார்டு (கர்நாடக அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் தாய்-சேய் அட்டை) போட்டிருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்கே பதிவு முடிந்ததும் சான்றிதழைத் தமிழக அரசின் இணையதளத்திலேயே இலவசமாகப் பதிவிறக்கலாம். இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகள் பெங்களூரில் பிரசவம் பார்ப்பவர்களுக்கு.

சேரப் போகும்போது எடுத்து வைக்க வேண்டியவை

தாய், தந்தை இருவரின் ஆதார் நகல், தாயி கார்டு, இப்போதைய முகவரிக்கு ஏதாவது ஒரு சான்று. இவ்வளவு போதும். கூடவே ஒரு வெள்ளைத் தாளில் பெற்றோர் இருவரின் முழுப்பெயரையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். பிரசவ வலியில் மனைவியை அழைத்துக்கொண்டு நள்ளிரவில் போய் நிற்கும்போது, சேர்க்கை மேசையில் பெயரைச் சொல்வது நீங்களாக இருக்க மாட்டீர்கள். மாமியாரோ மச்சானோ சொல்வார்கள். அவர்கள் வாயில் வருவது வீட்டில் கூப்பிடும் பெயர். அங்கே ஏறும் பெயரே பிரசவக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சுருக்கம், பிறப்பு அறிக்கை என்று கடைசி வரை பயணம் செய்யும்.

அந்த ஒரு படிவம்

பிறப்பு அறிக்கைக்குப் படிவம் 1 என்று பெயர். அதில் இரண்டு பகுதிகள். சட்டப் பகுதியில் பிறந்த தேதி, பாலினம், குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர்கள், பிறந்த இடம், முகவரிகள் ஆகியவை வரும். புள்ளிவிவரப் பகுதியில் பெற்றோரின் மதம், படிப்பு, தொழில், திருமணத்தின்போது தாயின் வயது, குழந்தையின் எடை, பிரசவம் எப்படி நடந்தது என்றெல்லாம் கேட்பார்கள். இரண்டாவது பகுதி கணக்கெடுப்புக்குப் போவது, சான்றிதழில் வராது. அதற்காக மூளையைக் கசக்க வேண்டாம். முதல் பகுதியில்தான் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தாயின் பெயர் முதல் கண்ணி. திருமணத்துக்கு முன் தகப்பனார் இனிஷியல், பின் கணவர் இனிஷியல் என்று மாறுவது நம்மிடம் சகஜம். ஆதாரில் ஒன்று, வங்கியில் ஒன்று, மருத்துவக் காப்பீட்டு அட்டையில் மூன்றாவது ஒன்று என்று இருக்கும். காப்பீட்டு அட்டையில் உள்ளதையே மருத்துவமனை கணினி எடுத்துக்கொள்ளும். பாஸ்போர்ட்டிலும் ஆதாரிலும் உள்ள பெயரைத்தான் பதிய வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த இரண்டிலுமே வேறுபாடு இருந்தால் ஏழாம் மாதத்துக்குள் ஒன்றாக்கிவிடுங்கள். வளைகாப்பு வேலைகளுக்கு நடுவில் இதையும் செய்யச் சொல்வது கொடுமைதான். ஆனால் பிள்ளை பிறந்த பிறகு இதற்கு நேரம் கிடைக்கும் என்று நம்புவது அதைவிடப் பேராசை.

அடுத்தது இனிஷியல். தந்தை முருகேசன், குழந்தை இளமாறன் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா "எம். இளமாறன் என்று போடு" என்பார். கர்நாடகத்திலும் இனிஷியல் வழக்கம் உண்டு என்பதால் மருத்துவமனை ஊழியரும் தயங்காமல் போட்டுவிடுவார். பிரச்சினை பாஸ்போர்ட்டில் வரும். அங்கே இனிஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். சான்றிதழில் "எம்", பாஸ்போர்ட்டில் "முருகேசன்" என்றால் இரண்டும் ஒருவர்தான் என்று வாழ்நாள் முழுக்க எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சிலர் தந்தை பெயரே வேண்டாம், "இளமாறன்" என்ற ஒற்றைப் பெயர் போதும் என்பார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. இந்திய பாஸ்போர்ட்டும் ஒற்றைப் பெயரில் கிடைக்கும். ஆனால் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தது. துபாயில் சித்தப்பா இல்லாத குடும்பம் நம்மில் எத்தனை? என் பரிந்துரை, "இளமாறன் முருகேசன்" என்று இரண்டு சொல்லாகப் பதிவு செய்வது. தாயின் பெயரைப் பின்னொட்டாக வைக்க விரும்பினாலும் சரி, முழுதாக எழுதுங்கள். ஒற்றை எழுத்து மட்டும் வேண்டாம்.

மூன்றாவது, கன்னட எழுத்து. கர்நாடகச் சான்றிதழில் விவரங்கள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். ஆங்கிலத்தைப் பார்த்துத் திருப்தியடைந்து விடுவோம், கன்னடத்தை யாரும் படிப்பதில்லை. இங்கேதான் யாழினிகளும் கயல்விழிகளும் மாட்டிக்கொள்கிறார்கள். இன்றைய கன்னடத்தில் 'ழ' இல்லை. ஆங்கிலத்தில் நாம் அதற்குப் போடும் இரண்டு எழுத்துகளைப் பார்த்த ஊழியர், வடமொழிச் சொற்களில் வரும் அழுத்தமான 'ஜ' ஒலி என்று நினைத்துத் தட்டச்சு செய்துவிடுவார். யாழினி, யாஜினி ஆகிவிடுவாள். கன்னட 'ள' போடச் சொல்லுங்கள், அதுதான் அங்கு பெரும்பாலும் செய்யப்படுவது. கன்னடம் படிக்கத் தெரிந்த அண்டை வீட்டாரோ உடன் வேலை செய்பவரோ கட்டாயம் இருப்பார்கள். படிவத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பி, உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுத்தைப் பார்த்து "சரிதான்" என்று அவர் சொல்வது போதாது, பெயர் காதில் எப்படி விழுகிறது என்று கேளுங்கள்.

பதிவேட்டுப் பிரிவு பொதுவாகக் கட்டணக் கவுண்டருக்குப் பின்னால் எங்காவது ஓர் ஒடுங்கிய அறையில் இருக்கும். கணினித் திரை ஊழியரைப் பார்த்து இருக்கும். அவர் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள், அவர் தட்டுவார். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் "ஒந்து சல தோரிஸி" என்று சொல்லித் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை காட்டச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இன்னும் சில மருத்துவமனைகளில் காகிதப் படிவத்தில் எழுதி வாங்கி, பிறகு வேறொருவர் கணினியில் ஏற்றுகிறார். அங்கே நீங்கள் கையெழுத்திட்ட தாளின் படம் உங்களிடம் இருக்க வேண்டும். படிவம் கன்னடத்தில் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம்: 'மகுவின ஹெசரு' குழந்தையின் பெயர், 'தந்தெய ஹெசரு' தந்தையின் பெயர், 'தாயிய ஹெசரு' தாயின் பெயர். சிவாஜி நகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்து மருத்துவமனைகளில் ஊழியர்களே தமிழில் பேசி நிரப்பித் தருவதும் உண்டு.

முகவரியில் இரண்டு இடம் கேட்பார்கள்: பிறந்த சமயத்தில் பெற்றோர் வசித்த முகவரி, நிரந்தர முகவரி. முதலாவதில் பெங்களூரு வாடகை வீடு, இரண்டாவதில் ஊர் முகவரி என்று எழுதினால் ஒரு குழப்பமும் இல்லை.

ஒரு விஷயம், ஜாதகம் எழுத நினைப்பவர்களுக்கு. பிறந்த நேரம் பிறப்புச் சான்றிதழில் வராது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் மணி, நிமிடம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றால்

அவசரப்பட வேண்டாம். சுகப்பிரசவம் என்றால் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நம் வீடுகளில் பெயர் வைப்பதோ பதினோராம் நாளோ, பதினாறாம் நாளோ, முப்பதாம் நாளோ. "பெயர் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பதிய முடியாது" என்று ஊழியர் சொன்னால் அது சரியல்ல. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியச் சட்டம் இடம் தருகிறது. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை சேர்க்க முடியும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இடம் காலியாக இருந்தால் நிரப்புவது எளிது, நிரப்பியதை மாற்றுவது கடினம். மருத்துவமனையில் வாய்க்கு வந்த ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு, ஊரில் குலதெய்வம் கோயிலில் வேறு பெயர் சூட்டினால், சான்றிதழில் உள்ளதே சட்டப் பெயராக நிற்கும். பெயர் உறுதியானதும் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட விண்ணப்பம், ஆதார் நகல், பெயரில்லாத சான்றிதழ் ஆகியவற்றுடன் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் 'ஹெசரு சேர்ப்படெ' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

சான்றிதழ் எங்கே, எப்போது?

பிறப்பு 21 நாளுக்குள் தெரிவிக்கப்பட வேண்டும். பதிவு முடிந்த 7 நாளுக்குள் முதல் சான்றிதழை இலவசமாகத் தர வேண்டும் என்பது திருத்தப்பட்ட சட்டத்தின் விதி. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுகிறார்கள். தனியார் மருத்துவமனைகள் விவரத்தை அந்தப் பகுதிப் பதிவாளருக்கு அனுப்பும்; அவர் ஒப்புதல் தந்த பிறகே சான்றிதழ் உருவாகும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் பதிவேட்டுப் பிரிவில் இரண்டு கேள்வி கேளுங்கள். விவரம் அனுப்பியாயிற்றா? பதிவு எண் அல்லது ஒப்புகை எண் என்ன? எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. "வாரக் கடைசியில் மொத்தமாக அனுப்புவோம்" என்றால் இரண்டு வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. 21 நாள் என்பது நீங்கள் தாய்வீட்டுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் மறந்திருக்கும் காலம், மருத்துவமனையும் மறந்திருக்கலாம்.

கர்நாடகத்தின் பதிவுகள் 'இ-ஜன்மா' என்ற மாநில இணையதளத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டுத் தளத்திலோ மத்திய அரசின் பொதுத் தளத்திலோ தேடிவிட்டு "குழந்தை பெயரே இல்லை" என்று பதறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேட வேண்டிய இடம் இ-ஜன்மா. கூடுதல் நகல் வேண்டுமென்றால் பெங்களூரு ஒன் மையங்களிலும் கேட்கலாம்.

அலுவலகத்துக்கே போக நேர்ந்தால், உங்கள் வீட்டுப் பகுதி அலுவலகம் எதற்கும் உதவாது, மருத்துவமனை எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தப் பகுதிப் பதிவாளர்தான். மல்லேஸ்வரத்தில் பிறந்த குழந்தைக்கு ஒயிட்ஃபீல்டில் வரிசையில் நின்று பயனில்லை. இதில் இப்போது ஒரு புதிய சிக்கல் சேர்ந்திருக்கிறது. பழைய பெருநகர மாநகராட்சி கலைக்கப்பட்டு, 2025 செப்டம்பர் முதல் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. நண்பர் சொன்ன பழைய அலுவலக முகவரியை நம்பிப் போகாமல், மருத்துவமனையிடமே "உங்கள் பதிவாளர் எங்கே உட்காருகிறார்" என்று கேட்டுவிடுங்கள்.

வருகிற சான்றிதழ் மின்னணுக் கையொப்பமும் க்யூஆர் குறியீடும் உள்ள தாள். பச்சை மையில் கையெழுத்தும் உருண்டை முத்திரையும் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், அது செல்லும். குறியீட்டைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பாருங்கள், அரசு இணைய முகவரிக்குத்தான் போக வேண்டும். அலுவலக வாசலில் "ஒரே நாளில் வாங்கித் தருகிறேன்" என்கிற முகவர்கள் கொடுக்கும் தாளுக்கு இந்தச் சோதனை மிகவும் அவசியம். போலிச் சான்றிதழ் அச்சடித்துத் தரும் இணையதளங்கள் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன.

நாள் தாண்டிவிட்டால்

21 முதல் 30 நாள் வரை என்றால் தாமதக் கட்டணம் கட்டினால் பதிவாளரே பதிந்துவிடுவார். 30 நாளுக்கு மேல், ஓராண்டுக்குள் என்றால் மாவட்டப் பதிவாளரின் அல்லது அதற்கென நியமிக்கப்பட்டவரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டும் தாண்டினால் மாவட்ட ஆட்சியர், துணைக்கோட்ட நடுவர் அல்லது அவர்களால் அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரின் உத்தரவு இல்லாமல் நடக்காது. அப்போது பதிவேட்டில் இப்படி ஒரு பிறப்பு இல்லை என்ற சான்றை முதலில் வாங்க வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் சுருக்கம், தடுப்பூசி அட்டை, தாயி கார்டு மூன்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

பிழை வந்துவிட்டால்

மருத்துவமனை அனுப்பிய விவரம் சரி, பதிவாளர் அலுவலகத்தில் ஏற்றும்போது தவறு என்றால் உங்களிடம் இருக்கும் படிவத்தின் படமே சாட்சி. மருத்துவமனையே தவறாக அனுப்பியிருந்தால் அவர்களிடமிருந்து திருத்தக் கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அலுவலகத்தில் 'தித்துப்படி' என்று கேளுங்கள். பதிவேட்டில் மூலப் பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் திருத்தத்தைக் குறித்துக் கையொப்பமிடுவார்கள். எழுத்துப்பிழைக்கு இது பொருந்தும். பிடித்த வேறு பெயரை வைப்பதற்கு இந்த வழியில் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வீட்டில், ஆம்புலன்ஸில், தனித்தாய்

வீட்டில் பிறந்தால் தெரிவிக்க வேண்டியது குடும்பத் தலைவர். போகும் வழியில் 108 வண்டியிலேயே பிறந்துவிட்டால் வண்டி முதலில் நின்ற இடமே பிறந்த இடமாகக் கொள்ளப்படும். பெரும்பாலும் அது மருத்துவமனையாகவே இருக்கும், அவர்களே பார்த்துக்கொள்வார்கள். திருமணமாகாத தாயோ தனித்து வாழும் தாயோ தந்தை பெயரைச் சொல்லக் கட்டாயம் இல்லை. பிரமாணப் பத்திரத்தின் பேரில் சான்றிதழ் தர வேண்டும் என்று 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவுண்டரில் யாராவது வாதம் செய்தால் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

சான்றிதழ் வந்தபின்

முதலில் பால ஆதார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கைரேகை எடுக்க மாட்டார்கள், புகைப்படம் மட்டும்தான். தாய் அல்லது தந்தையின் ஆதாரோடு இணைப்பார்கள், எனவே அவர்களில் ஒருவர் கூட இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருப்பது இங்கே முக்கியம். ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது, மருத்துவக் காப்பீட்டில் சேர்ப்பது இரண்டையும் அதே வாரத்தில் முடித்துவிடலாம். அலுவலகக் காப்பீட்டில் பிறந்த குழந்தையைச் சேர்க்கக் குறுகிய கெடு வைத்திருப்பார்கள், உங்கள் மனிதவளத் துறையிடம் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் வேண்டுமென்றால் லால்பாக் சாலையிலோ மாரத்தஹள்ளியிலோ உள்ள சேவா கேந்திரத்துக்கு முன்பதிவு செய்யலாம். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு 'டி' உறுதிமொழி தேவை. எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணத்தில் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு, குழந்தை பாஸ்போர்ட் ஐந்து ஆண்டு செல்லும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அங்கே படம் எடுக்க மாட்டார்கள். வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தை நீங்களே கொண்டுபோக வேண்டும். குழந்தை கண்ணைத் திறந்திருக்கும் படமாக ஒன்று கிடைப்பதற்குள் ஸ்டுடியோக்காரர் பொறுமையிழந்துவிடுவார், பால் கொடுத்துத் தூங்குவதற்கு முன் அழைத்துப் போங்கள்.